ஸ்பைனோசாரஸை மீன் பிடிக்க விடுங்கள்: டைனோசர் ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டைனோசர் ஆவணப்படங்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றுக்குக் கதை எழுதுபவர்களுக்கும், கணினியில் அந்த உயிர்களுக்கு உடல் கொடுக்கும் கலைஞர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு விலங்குக்காகப் பரிந்து பேசவே இந்த மடல். ஸ்பைனோசாரஸ். ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன், சஹாராவின் வடபகுதி பெரும் ஆறுகளும் சதுப்புகளும் கழிமுகங்களுமாக இருந்த காலத்தில் வாழ்ந்தது. முதலையை நினைவூட்டும் நீண்ட முகம், முதுகின்மேல் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாய், துடுப்புபோல் அகன்ற வால். இதுவரை கிடைத்த ஊனுண்ணி டைனோசர்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று. இப்படி ஒரு விலங்கு கையில் கிடைத்தும் நீங்கள் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒரே காட்சியைத்தான். ஆற்றங்கரையில் அது நிற்கும். எதிரே இன்னொரு பெரிய டைனோசர் வரும். இரண்டும் வாயைப் பிளந்து கர்ஜிக்கும். பிறகு சண்டை.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2001இல் வெளியான ஜுராசிக் பார்க் 3 திரைப்படத்தில் ஸ்பைனோசாரஸ் ஒரு டைரனோசாரஸின் கழுத்தை முறித்துக் கொன்றது. அது சினிமா, அதன்மேல் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியின் நிழலிலிருந்து ஆவணப்படங்கள் இன்றுவரை வெளியே வரவில்லை. டைரனோசாரஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவில், 6.8 கோடிக்கும் 6.6 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். ஸ்பைனோசாரஸ் மறைந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான் அது வந்தது. நடுவில் ஒரு பெருங்கடல் வேறு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்க வழியே இல்லை. இருந்தும், 2014இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் நோவா வரிசையில் ஸ்பைனோசாரஸைப் பற்றி வந்த ஆவணப்படத்தின் தலைப்பே 'டி. ரெக்ஸைவிடப் பெரியது' என்றுதான் இருந்தது. கண்டுபிடிப்பின் கதையைப் பொறுமையாகச் சொன்ன நல்ல படம் அது. அதற்கும் இன்னொரு விலங்கின் பெயரைச் சொல்லித்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

டைரனோசாரஸ் கிடைக்காதபோது கார்கரோடொன்டோசாரஸை அழைத்து வருகிறீர்கள். அதுவாவது அதே காலத்தில் அதே நிலத்தில் வாழ்ந்தது. இரண்டுக்கும் உரசல் நடந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டின் பற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்கரோடொன்டோசாரஸின் பல் தட்டையானது. விளிம்பில் ரம்பம்போல் பொடிப்பொடியாக வெட்டு இருக்கும். சதையை அறுப்பதற்கென்றே அமைந்த பல். ஸ்பைனோசாரஸின் பல் கூம்பு வடிவம். நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும், ரம்ப விளிம்பு கிடையாது. அது அறுக்காது, குத்தி இறுக்கிப் பிடிக்கும். வழுக்கி நழுவுகிற இரையைப் பிடிப்பவற்றுக்கு இருக்கும் பல் இது. மேல்தாடையின் நுனி சற்றே அகன்று, அங்கே பெரிய பற்கள் கொத்தாக நிற்கும். அதற்குப் பின்னால் தாடை உள்வளைந்து ஒடுங்கும். மீன் அகப்பட்டால் நழுவ முடியாத இடுக்கி அது. இந்த வாயை வைத்துக்கொண்டு இன்னொரு ராட்சதனின் தொண்டையைக் கிழிக்கச் சொல்கிறீர்கள்.

மீன் தின்றது என்பது வெறும் ஊகமும் அல்ல. இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பைனோசாரஸ் மூஞ்சி இருக்கிறது, மொரோக்கோவிலிருந்து போனது. அந்த முன்பகுதி மட்டுமே 98.8 சென்டிமீட்டர். கிறிஸ்டியானோ தால் சாஸோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் அதை விவரித்தார்கள். அதன் ஒரு பற்குழியில் ஒரு மீனின் முள்ளெலும்புத் துண்டு சிக்கியிருந்தது. ஒன்கோப்ரிஸ்டிஸ் எனப்படும், ரம்பமீனைப் போல நீண்ட முள் மூக்கு கொண்ட மீன் வகையைச் சேர்ந்தது. ஒன்பதரைக் கோடி ஆண்டுகளாக அந்தக் குழியில் அந்த எலும்பு இருந்திருக்கிறது. எத்தனை சண்டைக் காட்சி எடுத்தாலும் இந்த ஒரு துண்டு எலும்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்கு ஈடாகுமா? 2011இல் பிபிசி வெளியிட்ட பிளானட் டைனோசர் தொடரை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் எந்தப் புதைபடிவம் இருக்கிறது என்று கதையை நிறுத்திக் காட்டும் துணிவு அந்தத் தொடருக்கு இருந்தது. அதனால் கதையின் விறுவிறுப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வழக்கம் ஏன் எல்லாத் தொடர்களுக்கும் பரவவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பேரியோனிக்ஸ் இன்னும் தெளிவான சாட்சி. 1983இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு களிமண் குழியில், வில்லியம் வாக்கர் என்ற புதைபடிவ ஆர்வலர் கண்ணில் முதலில் பட்டது அதன் பெரிய நகம். ஆலன் சாரிக்கும் ஏஞ்சலா மில்னரும் 1986இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் வயிறு இருந்த இடத்தில், அமிலத்தில் அரித்த மீன் செதில்கள் கிடைத்தன. கூடவே ஓர் இளம் இகுவானோடான் வகை டைனோசரின் எலும்புகளும் கிடைத்தன. பிரேசிலில், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்றின் பல், பறக்கும் ஊர்வன ஒன்றின் கழுத்தெலும்பில் குத்தி முறிந்த நிலையில் அகப்பட்டது. ஆக, மீன்தான் முதன்மை உணவு, வாய்த்தால் மற்றதும் சாப்பிடும் என்கிற படம் கிடைக்கிறது. இன்றைய முதலைகளும் பெரிய நாரைகளும் அப்படித்தான். மீனைத் தவிர எதையும் தொடாது என்று காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. மீனை முன்னால் வையுங்கள் என்கிறேன்.

அந்த ஆறுகளில் இருந்த மீன்களை எண்ணிப் பாருங்கள். மாவ்சோனியா என்றொரு சீலக்காந்த் மீன், ஒரு கார் அளவுக்கு வளர்ந்தது. நுரையீரல் மீன்கள் இருந்தன. ரம்ப மூக்கு ஒன்கோப்ரிஸ்டிஸ் இருந்தது. பலவகை முதலைகளும் ஆமைகளும் இருந்தன. மொரோக்கோவின் கெம் கெம் படுகைகளில் இவற்றின் எச்சங்கள் ஏராளம். செடி தின்னும் பெரிய டைனோசர்களின் எலும்புகள் அங்கே ஒப்புநோக்கக் குறைவு; ஊனுண்ணிகளின் எச்சங்களோ அதிகம். அத்தனை பெரிய ஊனுண்ணிகள் எதைத் தின்று பிழைத்தன என்ற கேள்விக்கு ஆற்று மீன்களும் ஒரு பெரிய பதில். இந்த ஆற்றைச் சரியாகக் காட்டிய ஒரு முழு நேரப் படம் வந்தால் நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். கலங்கிய தண்ணீருக்கடியில் ரம்ப மூக்கால் சேற்றைக் கிளறிப் போகும் ஒரு பெரிய மீன். மேலே அசையாமல் ஒரு நீண்ட நிழல். இதில் விறுவிறுப்பு இல்லை என்று யார் சொல்வது?

அடுத்து, என்னை உண்மையிலேயே வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அது நீச்சல்.

2014இல் நிசார் இப்ராஹிமும் குழுவினரும் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொரோக்கோவில் கிடைத்த புதிய எலும்புக்கூட்டில் பின்னங்கால்கள் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தன, எலும்புகள் அடர்த்தியாக இருந்தன, ஆகவே இது பாதி நீர்வாழ் விலங்கு என்றார்கள். உடனே திரையில் ஸ்பைனோசாரஸ் நான்கு காலில் நடந்தது. 2018இல் டொனால்ட் ஹெண்டர்சன் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கிச் சோதித்துவிட்டு, இந்த உடல் தண்ணீரில் மூழ்காது, பக்கவாட்டில் சாயும், எடை இடுப்பருகேதான் விழுகிறது, இரண்டு காலில் நிற்கத் தடையில்லை என்றார். 2020இல் நேச்சர் இதழில் வாலைப் பற்றிய கட்டுரை வந்தது. 30க்கும் மேற்பட்ட வால் முள்ளெலும்புகள், மேலும் கீழும் நீண்ட முட்கள், துடுப்பேதான். 2021இல் டேவிட் ஹோனும் தாமஸ் ஹோல்ட்ஸும் குறுக்கிட்டார்கள். கண்ணும் மூக்குத் துளையும் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இது நீந்தித் துரத்தும் விலங்கில்லை, ஓடுமீன் ஓட உறுமீனுக்குக் காத்து நிற்கும் கொக்கைப்போல் ஆழமில்லாத தண்ணீரில் நின்று பிடித்தது என்றார்கள். 2022இல் மத்தேயோ ஃபாப்ரியும் குழுவினரும் எலும்பு அடர்த்தியைப் பல நூறு விலங்குகளோடு ஒப்பிட்டு, ஸ்பைனோசாரஸும் பேரியோனிக்ஸும் நீருக்கடியில் இரை தேடின, அதே குடும்பத்துச் சுகோமிமஸ் அப்படியில்லை என்றார்கள். அதே ஆண்டு இறுதியில் பால் செரினோவின் குழு, இது நீர்வாழ் டைனோசரே அல்ல, மேற்பரப்பில் மெதுவாக நீந்தியிருக்கலாம், மூழ்கித் துரத்தியிருக்க முடியாது என்றது. 2024இல் எலும்பு அடர்த்தி ஆய்வின் புள்ளியியல் முறையே தவறு என்று இன்னொரு கட்டுரை வந்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 2014 கட்டுரையில் இப்ராஹிமோடு சேர்ந்து பெயர் போட்டவர்களில் பால் செரினோவும் ஒருவர். நேதன் மிர்வால்ட் இன்னொருவர். எட்டே ஆண்டுகளில் அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஒரே எலும்புக்கூட்டைப் பார்த்தவர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள், பிறகு சான்று எங்கே இட்டுச்சென்றதோ அங்கே போய் நின்றார்கள். சண்டைதான் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது சண்டை. இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள், இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. இதைவிட நல்ல கதை எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

நீங்கள் செய்தது என்ன? கடைசியாக வந்த கட்டுரை எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு, முடிந்த முடிவாகக் காட்டினீர்கள். நான்கு கால் என்று செய்தி வந்தால் நான்கு கால். துடுப்பு வால் என்று வந்தால் சுறாபோல் ஆழத்தில் பாய்ந்து மீனைத் துரத்தும் ஸ்பைனோசாரஸ். வழிநடத்தும் குரலில் ஒரு 'இருக்கலாம்' கிடையாது. ஐந்தாண்டு கழித்து அந்தக் காட்சி தவறென்று ஆனால், பார்த்த குழந்தைக்கு அதை யார் சொல்வது? விஞ்ஞானிகள் நாளுக்கொரு பேச்சு பேசுகிறார்கள் என்ற எண்ணம்தான் பலருக்கு மிஞ்சுகிறது. விஞ்ஞானிகள் மாற்றிப் பேசவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்தார்கள். அந்தச் சோதனையை நீங்கள் வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளை மட்டும் காட்டினீர்கள்.

2020 கட்டுரையில் வந்த வால் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டில் ஸ்டெஃபனி பியர்ஸும் ஜார்ஜ் லாடரும் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வால்களின் பக்கத்தோற்றத்தை வெட்டி எடுத்தார்கள். ஸ்பைனோசாரஸ் வால் ஒன்று, நிலத்தில் வாழ்ந்த அல்லோசாரஸ், கோலோஃபிசிஸ் வால்கள், முதலை வால், பல்லிபோல் தோன்றும் நீர்நில வாழ்வியான நியூட்டின் வால். அவற்றை ஒரு ரோபோவில் மாட்டி, ஓடும் தண்ணீர்த் தொட்டியில் அசைய விட்டு, உந்துவிசையை அளந்தார்கள். நிலத்து டைனோசர் வால்களைவிட 8 மடங்குக்கு மேல் உந்துவிசை, திறன் 2.6 மடங்கு. அருமையான சோதனை, சந்தேகமே இல்லை. ஆனால் சோதித்தது வாலின் வடிவத்தை. அந்த வாலுக்குப் பின்னால் எவ்வளவு தசை இருந்தது, முன்னால் பாய் விரித்து நின்ற பல டன் உடலை அது எவ்வளவு வேகத்தில் தள்ளியிருக்கும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். செரினோவின் குழு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது வேகம் நொடிக்கு 1 மீட்டருக்கும் குறைவாகத்தான் வந்தது. தொட்டியில் ஆடும் அந்தப் பிளாஸ்டிக் தாளைக் காட்டுங்கள். அதைப் பார்க்கும் ஒரு சிறுமிக்கு, தானும் இப்படி ஒன்றை வெட்டிச் சோதிக்கலாமே என்று தோன்றும். பாய்ந்து வரும் கணினி உருவம் அந்த எண்ணத்தைத் தராது.

என் கோரிக்கை இதுதான். ஒரே ஆற்றங்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பைனோசாரஸ் இடுப்பளவு நீரில் நின்று, மூக்கு நுனியைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்து ஒரு மீனைக் கவ்வட்டும். பிறகு அதே ஆற்றில் அதே விலங்கு வாலை வீசி மூழ்கிப் போகட்டும். முதல் காட்சியை யார் சொல்கிறார், எந்த எலும்பை வைத்துச் சொல்கிறார். இரண்டாவதை யார் சொல்கிறார், எந்த எலும்பை வைத்து. அவ்வளவு போதும். பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு குற்றக் கதையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சாட்சி சொன்னால் அதைப் பின்தொடர்கிற அதே மக்கள்தான் உங்கள் படத்தையும் பார்க்கிறார்கள்.

எந்த எலும்பு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதையும் காட்டுங்கள். ஸ்பைனோசாரஸின் முன்கை எலும்புகள் மிகச் சொற்பமாகவே கிடைத்திருக்கின்றன. கரடிபோல் கையை வீசி மீனை வாரி எறிகிற காட்சிகளெல்லாம் பேரியோனிக்ஸின் கையைக் கடன் வாங்கியவை. கடன் வாங்குவது தவறில்லை, சொல்லிவிட்டு வாங்கலாம். எடையும் அப்படித்தான். 2007இல் ஒரு கணக்கு 20 டன்னுக்கும் மேலே போனது. 2022இல் இன்னொரு கணக்கு 7.4 டன்னில் நின்றது. நீளம் 18 மீட்டர் வரை போய் 14 மீட்டருக்கு இறங்கியது. உங்கள் விளம்பரங்களில் எப்போதும் வருவது இருப்பதிலேயே பெரிய எண்தான்.

ஸ்பைனோசாரஸுக்குப் பெயர் வைத்த ஜெர்மானிய ஆய்வாளர் ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமரின் கதையை நீங்கள் சொல்வதுண்டு, ஆனால் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில். 1912இல் எகிப்தின் பஹரியா பாலைவனச்சோலையில் ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்ற சேகரிப்பாளர் எலும்புகளைத் தோண்டியெடுத்தார். 1915இல் ஸ்ட்ரோமர் அவற்றுக்கு ஸ்பைனோசாரஸ் எஜிப்டியாகஸ் என்று பெயரிட்டார். 1.65 மீட்டர் உயர முதுகு முட்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, பதிப்பித்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது மியூனிக் அருங்காட்சியகத்திலிருந்து அந்த எலும்புகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்படி மன்றாடினார். நாஜி ஆதரவாளரான பொறுப்பாளர் மறுத்தார். 1944 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளில் எல்லாம் எரிந்து போயின. மூன்று மகன்களில் இருவரைப் போர் தின்றது. மிச்சமிருந்தவை அவருடைய வரைபடங்களும் எழுத்தும்தான். 2000இல் அவருடைய காகிதங்களுக்கிடையே பழைய புகைப்படங்கள் சிலவும் கிடைத்தன. அவர் அத்தனை நுணுக்கமாக வரைந்து வைத்திருக்காவிட்டால், மொரோக்கோவில் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது. ஓர் ஆய்வாளரின் குறிப்பேடு ஓர் உயிரினத்தையே எழுபது ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தது. இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

மொரோக்கோவில் வெயிலில் குழி தோண்டிப் புதைபடிவம் எடுப்பவர்களுக்கும் அப்படியே. 2008இல் எர்ஃபூதில் ஓர் உள்ளூர்க்காரர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த எலும்புகளை இப்ராஹிமுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு மிலானில் வேறு சில எலும்புகளைப் பார்த்தபோது, இரண்டும் ஒரே விலங்கினுடையவை என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அந்த மனிதரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது, மீசை மட்டும் நினைவிருந்தது. 2013இல் அதே ஊர்க் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனிதர் கடந்து போனார். அவர்தான் தோண்டிய இடத்துக்கு வழிகாட்டினார். வாலும் பின்னர் அதே இடத்தில்தான் கிடைத்தது. இந்த நிகழ்ச்சியைச் சுவைக்காகச் சொல்லிவிட்டு, அந்த மனிதரைப் போன்றோரின் உழைப்பைப் பேசாமல் விடுகிறீர்கள். எலும்புகள் கைமாறிப் பல நாடுகளுக்குப் போவது, இடம் தெரியாமல் கலந்து விற்கப்படுவது, விலை கூட்டுவதற்காக ஒட்டிச் செயற்கையாக நீட்டப்படுவது எல்லாம் இந்தக் கதையின் பகுதிதான். பிரேசிலில் கிடைத்த ஒரு மண்டையோட்டின் மூக்கு இப்படி நீட்டப்பட்டிருந்தது தெரிந்தபோது ஆய்வாளர்களுக்கு வந்த எரிச்சலே 1996இல் அதற்கு இரிட்டேட்டர் என்ற பெயராயிற்று. அதுவும் ஸ்பைனோசாரஸின் உறவுதான்.

நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் தொடரில் ஸ்பைனோசாரஸ் இருந்தால், திரைக்கதை முடிவாகும் முன் நீரில் மூழ்கியது என்பவர்களில் ஒருவரையும், இல்லை என்பவர்களில் ஒருவரையும் ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒப்புக்கொள்ளாத இடங்களை வெட்டாமல் படத்திலேயே விடுங்கள். அதன் வாயில் முதலில் ஒரு மீனைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொடர்களைப் பார்த்தே இந்த விலங்குகள்மேல் பித்தான பார்வையாளர் ஒருவர்